ஸ்டான்ஃபோர்டுக்கு 30 சதவீதம்: கல்லூரி விளையாட்டுக் கூட்டணியில் படிப்புக்கு என்ன விலை?

2023 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் ஏ.சி.சி. விளையாட்டுக் கூட்டணியில் இருந்த 15 பல்கலைக்கழகத் தலைவர்கள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. மேற்குக் கரையில் 1915 முதல் இருந்துவந்த பேக்-12 கூட்டணி ஒரே கோடையில் கலைந்துபோனது. போக்கிடம் இல்லாமல் நின்ற நான்கு பல்கலைக்கழகங்களில் இரண்டு, ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும். எந்த உலகத் தரவரிசையை எடுத்தாலும் முன்வரிசையில் இருக்கும் பெயர்கள். கிழக்குக் கரைக் கூட்டணியான ஏ.சி.சி. இவற்றைச் சேர்த்துக்கொள்வதா, கூடாதா? சேர்த்தால் யாரோடு சேர்த்து, என்ன பங்கு கொடுத்து?

ஒரு கூட்டணி ஆளெடுக்கும்போது படிப்பின் தரம் எவ்வளவு தூரம் கணக்கில் வருகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து இல்லை. மேடைப் பேச்சில் எல்லாரும் கல்விப் பொருத்தம், ஆராய்ச்சி மரபு என்றுதான் சொல்வார்கள். வாக்கெடுப்பில் அது எத்தனை பேரை அசைத்தது என்பது வேறு கணக்கு.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காகக் கூட்டணி கூட்டணியாகப் பிரிந்திருக்கின்றன. கூட்டணிக்குள்தான் பெரும்பாலான ஆட்டங்கள். தொலைக்காட்சி உரிமையைக் கூட்டணியே மொத்தமாக விற்று, வரும் பணத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். நம் ஊர்த் தேர்தல் கூட்டணியில் தொகுதிப் பங்கீடு நடப்பதுபோலத்தான்: புதுக் கட்சி வரும்போது கொள்கைப் பொருத்தம் பற்றி அறிக்கை வரும், உள்ளே பேச்சு எத்தனை இடம் என்பதில் நடக்கும். இந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்திலிருந்து வருகிறது (கீழே கால்பந்து என்றாலே அதுதான்). பிக் டென் கூட்டணி 2022 ஆகஸ்டில் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று நிறுவனங்களோடு போட்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல் என்று அப்போது செய்தி வந்தது.

அப்படியானால் இதில் படிப்பு எங்கிருந்து வந்தது? வாக்களிப்பவர்கள் பயிற்சியாளர்கள் அல்ல என்பதுதான் காரணம். கூட்டணியில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவர்கள் பல்கலைக்கழகத் தலைவர்கள், அதாவது நம் ஊர்த் துணைவேந்தர்களுக்கு இணையானவர்கள். 1989 டிசம்பரில் பென் ஸ்டேட்டைப் பிக் டென்னுக்கு அழைத்தபோது விளையாட்டுத் துறை இயக்குநர்களைக் கலந்துகொள்ளாமலே தலைவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள் என்று பெரிய புகைச்சல் எழுந்தது. இந்தத் தலைவர்களுக்குத் தங்கள் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது முக்கியம். பர்டியூ, இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின் என்று எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் தயாரிக்கும் விண்ணப்பப் பட்டியலைப் பாருங்கள். அதில் பாதி பிக் டென் பல்கலைக்கழகங்கள்தான். விளையாட்டுக் கூட்டணியின் பெயரே கல்வித் தரத்துக்கும் முத்திரை ஆகிவிட்டது.

அந்த முத்திரைக்குக் கையில் பிடிக்கத்தக்க ஓர் அளவுகோல் உண்டு. அதன் பெயர் ஏ.ஏ.யூ., அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1900-ல் 14 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கியது. அமெரிக்க முனைவர் பட்டத்துக்கு ஐரோப்பாவில் மதிப்பில்லையே என்ற ஆதங்கத்தில் பிறந்தது. விண்ணப்பித்துச் சேர முடியாது, அவர்களாக அழைக்க வேண்டும். உள்ளே இருப்பவரை வெளியேற்றவும் செய்வார்கள். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அந்த முதல் 14-ல் இருந்தவை.

பிக் டென் இந்த அளவுகோலை எப்படிப் பயன்படுத்தியது என்று பார்த்துவிட்டு ஏ.சி.சி.க்கு வருவோம். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

2009 டிசம்பரில் பிக் டென் விரிவாக்கம் பற்றி ஆலோசிக்கப் போவதாக அறிவித்தது. அப்போது அதில் 11 பல்கலைக்கழகங்கள், 11-ம் ஏ.ஏ.யூ. உறுப்பினர்கள். உடனே மிசூரி மாநில ஆளுநர் ஜே நிக்சன் ஆசையை வெளிப்படையாகவே பேசினார். ஓக்லஹோமா ஸ்டேட்டையும் நார்த்வெஸ்டர்னையும், டெக்சஸ் டெக்கையும் விஸ்கான்சினையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பிக் 12, பிக் டென் இரண்டில் எந்தப் பக்கம் கல்வி வாய்ப்பு அதிகம் என்று தெரியும் என்கிற தொனியில் பேசியது அவர் மாநிலப் பல்கலைக்கழகம் அன்று இருந்த பிக் 12 கூட்டணியில் பலரை எரிச்சலூட்டியது. மிசூரி பல்கலைக்கழகம் 1908 முதல் ஏ.ஏ.யூ. உறுப்பினர். செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி என்று இரண்டு பெரிய நகரங்கள் வேறு அதன் மாநிலத்தில். படிப்பும் சந்தையும் தராசின் ஒரே பக்கத்தில் இருந்தன.

ஆனால் 2010 ஜூனில் அழைப்பு போனது நெப்ராஸ்காவுக்கு. அப்போது 20 லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம். ஏ.ஏ.யூ.வில் 1909 முதல் உறுப்பினர் என்ற தகுதி அதற்கும் இருந்தது. மிசூரியிடம் இல்லாத ஒன்று அதனிடம் இருந்தது: நாடு முழுக்கத் தெரிந்த கால்பந்துப் பெயர். இரண்டும் கல்வி வாசலைத் தாண்டியவை என்பதால் அதற்குமேல் படிப்பைப் பார்க்கவில்லை, கால்பந்தைப் பார்த்தார்கள். மிசூரி 2012-ல் எஸ்.இ.சி. கூட்டணிக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் வேடிக்கை, நெப்ராஸ்காவை அழைத்ததற்கு அடுத்த ஆண்டு நடந்தது. 2011 ஏப்ரலில், நெப்ராஸ்கா பிக் டென்னில் ஆடத் தொடங்குவதற்கு முன்பே, ஏ.ஏ.யூ. வாக்கெடுப்பு நடத்தி அதை வெளியேற்றியது. ஓமஹாவில் இருக்கும் மருத்துவ மையம் தனி நிர்வாகமாக இருந்ததால் அதன் ஆராய்ச்சி கணக்கில் வரவில்லை. வேளாண் ஆராய்ச்சிக்குச் சூத்திரப்படி ஒதுக்கப்படும் அரசுப் பணத்துக்கும் சங்கம் மதிப்புத் தருவதில்லை. சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது என்பதற்காகப் பிக் டென் நெப்ராஸ்காவை ஒன்றும் செய்யவில்லை. செய்யப் போவதும் இல்லை. இன்றைக்கும் 18 உறுப்பினர்களில் அது ஒன்றுதான் ஏ.ஏ.யூ.வில் இல்லாதது. வாசலில் மட்டும் சான்றிதழ் கேட்பார்கள், உள்ளே வந்த பிறகு யாரும் கேட்பதில்லை.

அதே 2010-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் பேச்சு நடந்தது. ஒஹாயோ ஸ்டேட் தலைவராக இருந்த கோர்டன் கீ, பிக் டென் ஆணையர் ஜிம் டிலேனிக்கு எழுதிய மின்னஞ்சல் பிறகு வெளியே வந்தது. டெக்சஸ் தலைவரோடு பேசியதைச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு ஒரு 'டெக் பிரச்சினை' இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார். டெக்சஸ் வர வேண்டுமென்றால் மாநில அரசியல் காரணமாக டெக்சஸ் டெக்கையும் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். டெக்சஸ் டெக் ஏ.ஏ.யூ.வில் இல்லை. ஒரு பல்கலைக்கழகத் தலைவர் இன்னொரு பல்கலைக்கழகத்தை ஒரு பிரச்சினையின் பெயராகவே எழுதியதைப் படித்தால், அந்தச் சான்றிதழ் வாசலில் எவ்வளவு நிஜமாக வேலை செய்கிறது என்று புரியும்.

2012-ல் அறிவிக்கப்பட்ட மேரிலாந்து, ரட்கர்ஸ், 2022-ல் யூ.எஸ்.சி., யூ.சி.எல்.ஏ., 2023-ல் ஓரிகன், வாஷிங்டன் எல்லாமே சான்றிதழோடு வந்தவை. ரட்கர்ஸைக் கால்பந்துக்காகக் கூப்பிட்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நியூயார்க் பகுதி வீடுகளில் பிக் டென்னின் சொந்தத் தொலைக்காட்சி அலைவரிசையை நுழைப்பதற்காகக் கூப்பிட்டார்கள்.

சரி, இப்போது 2023. ஆகஸ்ட் 4-ம் தேதி ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போயின. அதே நாளில் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்குப் போயின. ஸ்டான்ஃபோர்டையும் பெர்க்லியையும் பற்றிப் பிக் டென் தலைவர்கள் பேசாமல் இல்லை, பேசினார்கள் என்றுதான் செய்திகள் சொல்லின. ஆனால் ஓரிகனுக்கும் வாஷிங்டனுக்குமே பழைய உறுப்பினர்கள் வாங்குவதில் பாதி அளவு, ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி டாலர்தான் தர முடிந்தது. இன்னும் இருவரைக் கூட்டினால் யார் பங்கிலிருந்து எடுப்பது? கல்வி வாசல் வழியாகத் தாராளமாக நுழையக்கூடிய இரண்டு பேர் பணத்துக்கு வழி இல்லாததால் வெளியே நின்றார்கள். ஓரிகனைவிட ஸ்டான்ஃபோர்டு படிப்பில் உயர்ந்தது என்பதை ஓரிகன்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். அந்த உயரத்துக்குப் பிக் டென் ஒரு டாலர்கூட வைக்கவில்லை.

ஏ.சி.சி.யின் முன் இருந்த வழிகள்

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஏ.சி.சி. 1953-ல் வட கரோலினாவில் பிறந்த கூட்டணி. பாஸ்டனிலிருந்து மயாமி வரை ஏற்கெனவே நீண்டு கிடந்தது. ஃப்ளோரிடா ஸ்டேட்டும் க்ளெம்சனும் பங்கு போதவில்லை என்று வெளிப்படையாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தன. ஈ.எஸ்.பி.என்.னோடு போட்ட ஒப்பந்தம் 2036 வரை நீள்கிறது, விலை பழைய காலத்து விலை. கலிஃபோர்னியாவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டுவதால் இந்தக் குறை எதுவும் தீராது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுத் தலைமை வாக்கெடுப்புக்கு முந்தைய இரவு வெளிப்படையாக எதிர்த்து அறிக்கை விட்டது. பயண தூரமும் பொருளாதாரமும் அவர்கள் சொன்ன காரணங்கள்.

ஆனால் சும்மா இருப்பதிலும் ஆபத்து இருந்தது. ஃப்ளோரிடா ஸ்டேட், க்ளெம்சன் போன்றவை நாளைக்குக் கிளம்பிவிட்டால்? உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தால் ஒப்பந்தத்தைத் திருத்தித் தொகையைக் குறைக்க ஈ.எஸ்.பி.என்.னுக்கு வழி பிறக்கும் என்ற கவலை இருந்தது. பேக்-12 ஒரு மாதத்தில் எப்படிக் காலியானது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

இரண்டாவது வழி, ஸ்டான்ஃபோர்டையும் பெர்க்லியையும் மட்டும் சேர்ப்பது. கல்வி அளவுகோலால் மட்டும் முடிவெடுத்தால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. அப்போது ஏ.சி.சி.யில் டியூக், வட கரோலினா, வர்ஜீனியா, பிட்ஸ்பர்க், ஜார்ஜியா டெக் ஆகியவற்றோடு அந்த ஜூனில் சேர்ந்த மயாமியையும் நோட்டர் டேமையும் சேர்த்து ஏழு ஏ.ஏ.யூ. உறுப்பினர்கள். 15-ல் ஏழு. இவர்கள் வந்தால் ஒன்பது. விளையாட்டிலும் ஸ்டான்ஃபோர்டு லேசுப்பட்டதல்ல. எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்து ஆண்டுதோறும் கொடுக்கும் டைரக்டர்ஸ் கோப்பையை 1994-95 தொடங்கித் தொடர்ந்து 25 ஆண்டுகள் வாங்கியது. நீச்சல், டென்னிஸ், வாலிபால், கோல்ஃப் என்று எதை எடுத்தாலும். சோகம் என்னவென்றால், தொலைக்காட்சிக்காரர்கள் இதில் எதற்கும் காசு கொடுப்பதில்லை.

பெர்க்லியின் நிலைமை இன்னும் இக்கட்டு. விளையாட்டரங்கைப் புதுப்பித்த வகையில் 40 கோடி டாலருக்கும் மேல் கடன். பணக்காரக் கூட்டணிக்குப் போன யூ.சி.எல்.ஏ. பெர்க்லிக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் தர வேண்டும் என்று இரண்டுக்கும் பொதுவான ஆட்சிக்குழு பிறகு தீர்மானித்தது. விவாகரத்துக்குப் பிறகு தரும் ஜீவனாம்சத்தை ஒட்டி அங்கே அதற்குக் கேலிப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது வழியின் பலவீனம் வரைபடத்தில் இருக்கிறது. பாஸ்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ 4,300 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். கல்விப் பொருத்தம் என்று பேசுகிறவர்கள் கவனிக்காமல் விடும் இடமும் இதுதான். கால்பந்து அணி வாரத்துக்கு ஒரு ஆட்டம், அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமை. கண்டம் தாண்டுவது ஆண்டுக்குச் சில முறைதான். வாலிபால் ஆடும் பெண்ணுக்கும் பேஸ்பால் ஆடும் பையனுக்கும் அப்படி இல்லை, வார நாட்களிலும் ஆட்டம் உண்டு. கரிம வேதியியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டே வட கரோலினாவுக்கு விமானம் ஏற வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் படிப்பைப் பாராட்டி உள்ளே கூப்பிட்டுவிட்டு, அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்களை வகுப்பறையிலிருந்து கூடுதல் நாட்கள் வெளியே இழுப்பதைக் கல்விப் பொருத்தம் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியை அந்தக் கோடையில் விளையாட்டுச் செய்தியாளர்கள் கேட்ட அளவுக்குக் கூடப் பல்கலைக்கழகத் தலைவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது வழி, இந்த இரண்டோடு டாலஸ் நகரத்து எஸ்.எம்.யூ.வையும் சேர்ப்பது. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம் ஒரு சிறிய தனியார் நிறுவனம், சுமார் 12,000 மாணவர்கள். ஆட்டக்காரர்களுக்குத் திருட்டுத்தனமாகப் பணம் கொடுத்துத் திரும்பத் திரும்பப் பிடிபட்டதால், 1987 பருவத்தையே தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. 'மரண தண்டனை' என்றே அதற்குப் பெயர். அதற்குப் பிறகு பெரிய கூட்டணிகள் எதுவும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. படிப்பில் நல்ல பெயர் உண்டு, ஆனால் 2023-ல் அது ஏ.ஏ.யூ.விலும் இல்லை, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் முதல் தட்டான ஆர்-1 வகையிலும் இல்லை.

எஸ்.எம்.யூ. சொன்னது ஒன்றே ஒன்று: எங்களுக்குப் பங்கு வேண்டாம். ஒன்பது ஆண்டுகளுக்கு ஏ.சி.சி.யின் தொலைக்காட்சிப் பணத்தில் ஒரு டாலரும் வாங்கமாட்டோம். அதைத் தாங்க அவர்களிடம் ஆள் இருந்தது. சேர்ந்த ஒரே வாரத்தில் நன்கொடையாளர்களிடம் 10 கோடி டாலர் திரட்டிவிட்டார்கள், டாலஸ் எண்ணெய்ப் பணமும் நிலப் பணமும் அப்படி.

நான்காவது வழியைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. பேக்-12-ல் கைவிடப்பட்ட மற்ற இருவர், ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். இரண்டும் ஆர்-1. ஓரிகன் ஸ்டேட் நிலம், கடல், விண்வெளி, சூரிய ஆற்றல் என்று நான்கு வகை மத்திய அரசு ஆராய்ச்சித் திட்டங்களிலும் இடம்பெற்ற வெகுசில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. 1915-ல் அந்தக் கூட்டணியைத் தொடங்கிய நால்வரில் ஒருவர்கூட. ஆராய்ச்சியை வைத்துத் தராசு பிடித்திருந்தால் எஸ்.எம்.யூ.வுக்கு முன்னால் இவர்கள் நின்றிருக்க வேண்டும். ஆனால் கோர்வாலிஸும் புல்மனும் சின்ன ஊர்கள், டாலஸ் நாட்டின் மிகப் பெரிய தொலைக்காட்சிச் சந்தைகளில் ஒன்று. பங்கே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இவர்களுக்குப் பின்னால் பணக்காரர்களும் இல்லை.

வாக்கெடுப்பு

சேர்ப்பதற்கு 15-ல் 12 வாக்கு வேண்டும். ஆகஸ்டில் கணக்குப் பார்த்தபோது நான்கு பேர் எதிர்ப்பு: ஃப்ளோரிடா ஸ்டேட், க்ளெம்சன், வட கரோலினா, வட கரோலினா ஸ்டேட். 11-லேயே நின்றது. நோட்டர் டேம் ஸ்டான்ஃபோர்டுக்காக வெளிப்படையாக வாதாடியது. இரண்டும் பல ஆண்டுகளாகக் கால்பந்தில் மோதுபவை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் ஸ்டான்ஃபோர்டுக்காகவும், முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் எஸ்.எம்.யூ.வுக்காகவும் தொலைபேசியில் பேசினார்கள் என்று செய்திகள் வந்தன. புஷ்ஷின் அதிபர் நூலகம் இருப்பதே எஸ்.எம்.யூ. வளாகத்தில்தான்.

கடைசியில் முட்டுக்கட்டையை எடுத்தது பங்கீடு. ஈ.எஸ்.பி.என். ஒப்பந்தப்படி புது உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் முழுப் பங்கு அளவுக்குக் கூடுதல் பணம் கூட்டணிக்கு வரும். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு அதில் 30 சதவீதம் மட்டும் வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டன. எட்டாம் ஆண்டு 70, ஒன்பதாம் ஆண்டு 75, அப்புறம்தான் முழுசு. எஸ்.எம்.யூ.வுக்குப் பூஜ்யம். மிச்சம் விழும் தொகை, ஆண்டுக்கு 5 முதல் 6 கோடி டாலர் வரை என்று அப்போது சொல்லப்பட்டது, பழைய உறுப்பினர்களுக்கு. அதில் வெற்றி பெறுகிறவர்களுக்கு அதிகம் போகும்படி ஓர் ஏற்பாடு. செப்டம்பர் 1 காலை வட கரோலினா ஸ்டேட் மனம் மாறியது. 12-க்கு 3.

யார் எதிர்த்தார், யார் மாறினார் என்பதைக் கவனியுங்கள். கடைசி வரை எதிர்த்த மூவரில் வட கரோலினா 1922 முதல் ஏ.ஏ.யூ. உறுப்பினர். ஸ்டான்ஃபோர்டுக்குக் கல்வியில் உறவுக்காரர் என்று சொல்லத்தக்க இடம். மனம் மாறிய வட கரோலினா ஸ்டேட் அந்தச் சங்கத்தில் இல்லை. கல்விப் பெருமைதான் வாக்கை நகர்த்தியது என்றால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

இதனால் படிப்புக்கு ஒன்றுமே மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. மதிப்பு இருக்கிறது, வாசலில். பெர்க்லி என்ற பெயர் இல்லாமல், அத்தனை கடனோடும் சுமாரான கால்பந்தோடும் 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு பல்கலைக்கழகம் வந்து கேட்டிருந்தால் ஏ.சி.சி. தொலைபேசியையே எடுத்திருக்காது. 11 பேரின் முதல் சம்மதத்தில் கல்விக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பன்னிரண்டாவது வாக்கைப் பணம்தான் கொடுத்து வாங்கியது. 30 சதவீதம் என்பது உலகின் மிக நல்ல இரண்டு பல்கலைக்கழகங்களின் கல்விப் பெயருக்குத் தொலைக்காட்சிச் சந்தை போட்ட விலை என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை.

ஏ.சி.சி.யின் முந்தைய வரலாறும் இதையே சொல்கிறது. 2011-ல் சிரக்யூஸைப் பிட்ஸ்பர்கோடு சேர்த்தபோது, சிரக்யூஸ் அதே ஆண்டில்தான் ஏ.ஏ.யூ.விலிருந்து விலகியிருந்தது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. 2012-ல் மேரிலாந்து கிளம்பியபோது அந்த இடத்துக்குக் கனெக்டிகட்டும் லூயிவில்லும் போட்டி. படிப்புத் தரவரிசையில் கனெக்டிகட் வெகு தூரம் முன்னே. கால்பந்தில் லூயிவில் முன்னே. இடம் லூயிவில்லுக்குக் கிடைத்தது.

எந்த வழி சரி?

நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது வழிக்குத்தான் வாக்களித்திருப்பேன். ஆனால் காரணத்தை மறைக்காமல் சொல்லியிருப்பேன்: இது காப்பீடு. ஓரிருவர் போனாலும் கூட்டணி உயிரோடு இருக்கும், பழையவர்களுக்குக் கொஞ்சம் பணம் கூடுதலாக வரும். பிறகு நடந்ததும் அதைத்தான் காட்டியது. வாக்கெடுப்பு நடந்த அதே ஆண்டு டிசம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட் கூட்டணி மீது வழக்குப் போட்டது, க்ளெம்சனும் பின்தொடர்ந்தது. 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. அதன்படி பணத்தில் ஒரு பகுதி இனி எத்தனை பேர் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள் என்பதை வைத்துப் பிரிக்கப்படும், வெளியேறும் கட்டணமும் ஆண்டுக்காண்டு குறைந்து 2030-31-ல் 7.5 கோடி டாலராகும். பார்வையாளர் எண்ணிக்கையை வைத்துப் பிரித்தால் ஸ்டான்ஃபோர்டுக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மைதானத்தில் மூவரில் யார் பயன் தந்தார்? பங்கே வேண்டாம் என்று வந்தவர். 2024-ல் எஸ்.எம்.யூ. முதல் பருவத்திலேயே கூட்டணிக்குள் ஆடிய எட்டு ஆட்டங்களையும் வென்று, இறுதியில் க்ளெம்சனிடம் தோற்றாலும் தேசிய பிளேஆஃபுக்குப் போனது. அங்கே பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று அடி வாங்கியது வேறு விஷயம். ஸ்டான்ஃபோர்டு அதே பருவத்தில் 12-ல் மூன்று ஆட்டம்தான் வென்றது. 2025 தொடக்கத்தில் எஸ்.எம்.யூ.வுக்கு ஆர்-1 தகுதியும் கிடைத்தது. சான்றிதழ் பின்னால் வந்தது, இடம் முன்னாலேயே கிடைத்துவிட்டது.

யாரும் மேசையில் வைக்காத ஐந்தாவது வழி ஒன்றும் இருந்தது. கால்பந்தை மட்டும் ஏ.சி.சி.யில் ஆட வைத்து, மற்ற விளையாட்டுகளை மேற்குக் கரையிலேயே பக்கத்துப் பல்கலைக்கழகங்களோடு ஆட விடுவது. இது கற்பனை அல்ல. நோட்டர் டேம் இதற்கு நேர் எதிராக, கால்பந்தைத் தனியே வைத்துக்கொண்டு மற்றவற்றை ஏ.சி.சி.யில் ஆடுகிறது, ஐஸ் ஹாக்கியை மட்டும் பிக் டென்னில். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் லாக்ரோஸ் என்ற ஒரே விளையாட்டுக்காகப் பிக் டென்னில் இருக்கிறது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒவ்வொரு கூட்டணி என்பது நிர்வாகத்துக்குத் தலைவலிதான், ஒப்பந்தச் சட்டச் சிக்கலும் உண்டு. ஆனால் கல்வியை உண்மையிலேயே தராசில் வைத்திருந்தால் முதலில் விவாதித்திருக்க வேண்டிய வழி இது.

ஆராய்ச்சி ஒத்துழைப்பு பெருகும் என்ற வாதத்துக்கு நான் அதிக மதிப்புத் தரமாட்டேன். பிக் டென்னில் அது ஓரளவு உண்மை. 1958-லிருந்து அங்கே ஒரு கல்விக் கூட்டமைப்பு இயங்குகிறது, நூலகப் புத்தகங்களைப் பகிர்வது முதல் மொத்தக் கொள்முதல் வரை. ஆனால் பாருங்கள், 1946-லேயே பிக் டென் விளையாட்டிலிருந்து விலகிவிட்ட சிகாகோ பல்கலைக்கழகம் அந்தக் கூட்டமைப்பில் பல பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்தது. கூடிப் படிக்கக் கூடி ஆடத் தேவையில்லை என்பதற்குச் சாட்சி அந்தக் கூட்டணிக்குள்ளேயே இருக்கிறது. டியூக் பேராசிரியரும் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியரும் சேர்ந்து கட்டுரை எழுத ஏ.சி.சி.யின் அனுமதி எதற்கு?

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கே நேரடியாகக் கொடுக்கலாம். இந்தச் செலவுக்கு முன் கூடுதல் வருமானம் கொண்டுவராத உறுப்பினரைச் சேர்க்க எந்தத் தலைவருக்கும் இனி மனம் வராது. 2030 வாக்கில் பெரிய தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் முடியத் தொடங்கும்போது பிக் டென் மறுபடி ஆள் தேடினால், ஏ.சி.சி.யிலிருந்து பேசப்படும் பெயர்களில் வட கரோலினாவுக்கும் வர்ஜீனியாவுக்கும் ஏ.ஏ.யூ. சான்றிதழ் இருக்கிறது, ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கும் க்ளெம்சனுக்கும் இல்லை. கால்பந்து பார்க்கும் கூட்டம் பின்னவர்களுக்குத்தான் அதிகம். அன்றைக்குப் பிக் டென் தலைவர்கள் சான்றிதழைக் கேட்பார்களா, கேட்காமல் விடுவார்களா என்பதில்தான் பிக் டென் வாசலின் உண்மையான உயரம் தெரியும். கேட்கமாட்டார்கள் என்பது என் கணிப்பு.